பகலில் பிறந்தவளின் மகள்

தஞ்சாவூர்
16.6.2025

அன்புள்ள அத்தைக்கு,

குந்தவை எழுதுகிறேன். இத்தனை நாள் எழுதாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போன் செய்தால் உங்களுக்குக் காது கேட்பதில்லை. பக்கத்து வீட்டு பூமிகாவிடம் சொல்லி, அவள் உங்கள் காதருகே கத்தி, கீழத்தெரு முழுக்கக் கேட்க வேண்டிய செய்தியில்லை இது. அதனால்தான் கடிதம்.

என் கல்யாணம் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. மேடையில் அப்பா படத்துக்குப் பக்கத்தில் அம்மா படத்தையும் மாலை போட்டு வைத்திருந்தேன். அப்பாவின் பழைய பர்ஸில் இருந்த தீப்பெட்டி அளவுப் படம்தான், பெரிதாக்கி வைத்தேன். அதைப் பார்த்ததும் உங்கள் முகம் மாறியதை மணையில் இருந்தபடியே கவனித்தேன். தாலி ஏறியதும் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டீர்கள். ஆறு வயதில் கென்யாவிலிருந்து வந்திறங்கிய என்னைத் தூக்கி வளர்த்தவர், என் கல்யாணச் சாப்பாட்டைச் சாப்பிடாமல் போனார். அம்மா கறுப்பினப் பெண் என்பது இத்தனை வருஷத்துக்குப் பிறகும் உங்களுக்கு அவ்வளவு அவமானமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயமாக இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது. வாந்தியெல்லாம் நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் போய்வருகிறேன். எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் தமிழ், வாரத்துக்கு இருபத்தெட்டுப் பாடவேளை. அவர் முடிந்தவரை சமைக்கிறார். முடியாத நாளில் தயிர்சாதம்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எனக்கு 'சிக்கிள் செல்' கூறு இருக்கிறதாம். ரத்த அணு உருண்டையாக இல்லாமல் கதிர் அரிவாள் மாதிரி வளைந்துபோகும் நோய் ஒன்று உண்டு. எனக்கு அந்த நோய் இல்லை, அதைச் சுமக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் அவருக்கும் அது இருந்தால் பிள்ளைக்கு நோயாகவே வரலாம். அவருக்கும் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறோம். டாக்டரம்மா, "உங்க அம்மா எதனால இறந்தாங்க?" என்று கேட்டார். காய்ச்சல் என்றேன். "என்ன காய்ச்சல்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. முப்பத்தோரு வயதில், பெற்றவள் எதனால் செத்தாள் என்று தெரியாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அப்பா உங்களிடம் ஏதாவது சொல்லியிருந்தால் எழுதுங்கள்.

குந்தவை


நெடுவாய்க்கால்
குத்தாலம் வழி
24.6.2025

குந்தவைப் பொண்ணுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. "என்ன டீச்சரம்மா, இந்தக் காலத்துல கடுதாசியெல்லாம் வருது" என்று தபால்காரர் சிரித்தார். அங்கன்வாடியில் இருந்து ஓய்வு பெற்று எட்டு வருஷம் ஆகியும் இன்னும் டீச்சரம்மாதான் அவருக்கு.

நீ உண்டாகியிருக்கிற செய்தியைப் படித்துவிட்டுக் கொல்லையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். உன் மாமா ஐயாவு இருந்திருந்தால் தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்திருப்பார். நான் மாரியம்மன் கோயிலுக்கு ஒரு தேங்காய் உடைத்தேன்.

மேட்டூரில் தண்ணீர் திறந்து நம்ம வாய்க்காலுக்கு வந்துவிட்டது. நம்ம ரெண்டு மா நிலத்தில் ஒரு மாவில் குறுவை நட்டாயிற்று, மற்றதைச் சம்பாவுக்கு விட்டிருக்கிறேன். முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. காது சொல்லவே வேண்டாம்.

பூமிகா கல்லூரிக்குத் தஞ்சாவூர் வரும்போது ஒரு பை கொடுத்துவிட்டிருக்கிறேன். முருங்கைக்கீரை காயவைத்தது, எள்ளுருண்டை, ஒரு சின்ன டப்பாவில் குங்குமப்பூ. தினமும் ரெண்டு இழை பாலில் போட்டுக் குடி. பிள்ளை நல்ல நிறமாகப் பிறக்கும்.

உன் அம்மாவுக்குக் காய்ச்சல்தான். உன் அப்பா அப்படித்தான் சொன்னார். அங்கே கொசு அதிகம். பழசையெல்லாம் கிளறாதே. இந்த நேரத்தில் மனசைச் சும்மா வைத்துக்கொள்ள வேண்டும். கல்யாணத்தன்று எனக்கு உடம்பு சரியில்லை, அதனால்தான் கிளம்பினேன். வேறு ஒன்றுமில்லை.

மாப்பிள்ளை வெற்றிசெல்வனை விசாரித்ததாகச் சொல்.

அத்தை
எல்லையம்மாள்


தஞ்சாவூர்
6.7.2025

அன்புள்ள அத்தைக்கு,

பை வந்தது. எள்ளுருண்டை அன்றைக்கே தீர்ந்தது. குங்குமப்பூவைத் திருப்பி அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், கோபித்துக்கொண்டாலும் சரி.

என் சின்ன வயதில் நீங்கள் பயத்தமாவும் கஸ்தூரி மஞ்சளும் போட்டு என் முதுகைத் தேய்ப்பீர்கள். எண்ணெய் வைத்து, சீப்பு உடைய உடைய முடியை இழுத்துப் பின்னுவீர்கள். ஒருநாள்கூட அடித்ததில்லை, திட்டியதுமில்லை. தேய்த்தால் போய்விடும் என்று நீங்கள் நம்பியதுதான் எனக்கு வலித்தது. வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளையை இப்போதே தேய்க்கத் தொடங்க வேண்டாம், அத்தை.

போன மாதம் வீடு மாற்றப் பார்த்தோம். வீட்டுக்காரர் அவரிடம் போனில் எல்லாம் பேசி முடித்திருந்தார். என்னை நேரில் பார்த்ததும் "ஃபாரின் ஸ்டூடண்ட்ஸுக்குக் குடுக்கிறதில்லைங்க" என்றார். நான் தமிழ் வாத்தியார், குத்தாலம் பக்கம் என்றேன். "நல்லா தமிழ் கத்துக்கிட்டீங்க" என்று பாராட்டினார். பெரிய கோயிலுக்குப் போனால் என்னோடு படம் எடுக்க ஆள் வருகிறது. ஸ்கேன் எடுக்கிற இடத்தில் பாஸ்போர்ட் கேட்டார்கள். ஆதாரைக் காட்டினேன். அதையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்கள். இதெல்லாம் உங்களுக்குப் புதிதில்லை. ஆனால் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒருநாள்கூட இதைப் பேசியதில்லை.

வல்லம் பக்கம் ஒரு கல்லூரியில் ஆப்பிரிக்கப் பிள்ளைகள் படிக்கிறார்கள். பெரில் என்று ஒரு பெண், மூன்றாம் வருடம். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குப் புரியாத பாஷையில் ஏதோ கேட்டாள். முழித்தேன். ஆங்கிலத்தில் கேட்டாள், எந்த ஊர் என்று. குத்தாலம் என்றேன். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடுதிக்குக் கூப்பிட்டாள். அங்கே நான்கு பெண்கள் இருந்தார்கள். வாசலில் நான் நின்றதும் யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அப்படி ஒரு அறைக்குள் நான் அதுவரை நுழைந்ததே இல்லை, அத்தை. ஆனால் வாயைத் திறந்ததும் அதுவும் போயிற்று. அவர்கள் பாஷையில் ஒரு சொல் தெரியாது, அவர்கள் சாப்பாடு தெரியாது. அங்கேயும் விருந்தாளிதான்.

பெரில் என் முடியைப் பின்னிவிட்டாள். நான்கு மணி நேரம். ஒரு சீப்பும் உடையவில்லை. அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே பின்னினாள், நான் பாட்டுக்கு அழுதுகொண்டிருந்தேன். திங்கட்கிழமை அதே பின்னலோடு பள்ளிக்கூடம் போனேன். தலைமையாசிரியை ஏதோ சொல்ல வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

இனிதான் முக்கியமான செய்தி. பெரிலின் ஊர் கிசுமு, கென்யாவில் ஒரு பெரிய ஏரிக்கரையில் இருக்கிறது. அம்மாவின் ஊருக்குப் பக்கம். அப்பா சர்க்கரை ஆலையில் மெக்கானிக்காக இருந்ததை, அம்மாவின் பெயர் அச்சியெங் என்பதைச் சொன்னேன். அவள் வீட்டுக்குச் சொல்லி, அவர்கள் விசாரித்து, பத்தே நாளில் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எனக்கு ஒரு சித்தி இருக்கிறாள். அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. அக்கின்யி என்று பெயர். அங்கே ஒரு பள்ளியில் தலைமையாசிரியை. வீடியோவில் என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அச்சியெங் என்றால் பகலில் பிறந்தவள், அக்கின்யி என்றால் காலையில் பிறந்தவள் என்று அர்த்தமாம். அப்பாவின் பெயர் பகலவன் என்றேன். "அதைச் சொல்லித்தான் அவர் என் அக்காவிடம் பேச்சுக் கொடுத்தார்" என்று சிரித்தாள்.

அப்புறம் ஒன்று சொன்னாள். நெடுவாய்க்கால் விலாசத்துக்குப் பதினோரு கடிதம் எழுதினாளாம். ஒன்றுக்கும் பதில் இல்லை என்பதால் நிறுத்திவிட்டாளாம். உங்கள் பெயரைக்கூட எழுத்துக்கூட்டிச் சொன்னாள்.

அத்தை, அந்தக் கடிதங்கள் வந்தனவா?

குந்தவை


தஞ்சாவூர்
3.8.2025

அத்தைக்கு,

நான்கு வாரம் ஆகியும் பதில் இல்லை. பூமிகாவிடம் கேட்டேன், நன்றாகத்தான் இருக்கிறீர்கள் என்றாள். இன்றைக்கு ஆடிப்பெருக்கு. எல்லோரும் ஆற்றுக்குப் போயிருக்கிறார்கள். நான் போகவில்லை.

அவருடைய ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. அவருக்கு அந்தக் கூறு இல்லை. பிள்ளைக்கு நோய் வராது. இதை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

குந்தவை


நெடுவாய்க்கால்
11.8.2025

குந்தவைக்கு,

மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது நாலாவது.

கடிதங்கள் வந்தன. பதினொன்றும் வந்தன.

முதல் கடிதம் நீ வந்த மறு வருஷம் வந்தது. இங்கிலீஷ். எனக்கு அது ஏது. குத்தாலத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த கூத்தாநல்லூர்க்காரர் அப்துல் ஹமீது பாய் சிங்கப்பூரில் இருந்து வந்தவர், அவரிடம் கொண்டுபோனேன். கடையில் ஆள் இல்லாத மத்தியானம் பார்த்து நிதானமாகப் படித்துச் சொன்னார். உன் அம்மாவுக்கு ரத்தத்தில் வியாதி இருந்ததாம். ஒரு வாரம் வேலை செய்வாளாம், ஒரு வாரம் மூட்டுவலியில் படுத்துக்கிடப்பாளாம். ரெண்டாவது பிள்ளை வயிற்றில் இருக்கும்போது அது முற்றிப் போய்ச் சேர்ந்துவிட்டாளாம். பிள்ளையும் தங்கவில்லை. குழந்தையின் ரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள் என்று எழுதியிருந்தாள். கடைசியில், எங்கள் அக்கா பிள்ளையை எங்களிடமே அனுப்பிவிடுங்கள், நாங்கள் வளர்க்கிறோம் என்று எழுதியிருந்தாள்.

பாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பதில் போட்டுருங்கம்மா. குடுக்க இஷ்டமில்லன்னா இல்லன்னாவது எழுதணும். நான் எழுதித் தர்றேன்" என்றார். சரி பாய் என்று வந்தேன். அப்புறம் அந்தக் கடைப் பக்கமே போகவில்லை. அவர் போய்ச் சேர்ந்தும் பத்து வருஷம் ஆகிறது.

எனக்குப் பிள்ளை இல்லை என்பது உனக்குத் தெரியும். அதை எப்படியெல்லாம் சொல்லிக் காட்டினார்கள் என்பது தெரியாது. நீ வந்த பிறகுதான் என்னை நாலு பேர் குந்தவை அம்மா என்று கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தாயார் பெயர் கேட்டார்கள். என் பெயரைக் கொடுத்தேன். உன் அப்பாவும் தடுக்கவில்லை. அவருக்கு நீ எங்கேயாவது நல்லபடியாக இருந்தால் போதும். அடுத்த கடிதங்களைப் பிரிக்கவே இல்லை. வந்த வருஷத்துப் போகியிலேயே போட்டு எரித்தேன். முதல் கடிதத்தையும்தான். எடுத்துக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

ரத்தம் மட்டும் பார்த்தேன். உனக்கு ஒன்பது வயசில் தடுப்பூசி என்று சொல்லித் தஞ்சாவூர் கூட்டிப்போனேனே, ஞாபகம் இருக்கா? பஸ் ஸ்டாண்டில் ரோஸ் மில்க் கேட்டு அடம் பிடித்தாய். அன்றைக்குத்தான். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, கல்யாணம் செய்யும்போது மாப்பிள்ளைக்கும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அதை உன் கல்யாணத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பாயே. தாலி கட்டும் முன்னால் மாப்பிள்ளையிடமாவது சொல்லிவிடலாம் என்றுதான் மண்டபத்துக்கு வந்தேன். மேடையில் அவள் படம் இருந்தது. அதுவரை அவள் முகத்தை நான் பார்த்ததில்லை. உன் முகம்தான். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அவமானம்தான், நீ எழுதினது சரி. அவளை நினைத்து இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உன்னைச் சேர்க்கப் போன அன்று அந்த வாத்தியார் முதலில் உன் முடியைப் பார்த்தார். அப்புறம் எந்தத் தெரு என்று கேட்டார். கீழத்தெரு என்றேன். அவர் மூஞ்சி போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கீழத்தெருக்காரி என்கிற ஒரு பேரோடேயே நான் பட்ட பாடு போதும். பண்ணையில் தனிக் குவளையில் தண்ணீர் குடித்து, அங்கன்வாடியில் சேர்ந்த புதுசில் நான் ஆக்கின சோற்றைப் பிள்ளைகள் தின்னக்கூடாது என்று தாய்மார்கள் தூக்கிப்போன காலத்தையும் பார்த்தவள். உனக்கு ரெண்டாவதாக ஒரு பேர் வேண்டாம் என்று நினைத்தேன். தேய்த்ததெல்லாம் அதற்குத்தான். தப்புதான்.

அந்தக் கடிதத்தில் பாய் படித்ததில் ஒரு விஷயம் மறக்கவில்லை. உன் அம்மா ஊரிலும் நெல் வயல் உண்டாம். அவள் பதினாலு வயசிலிருந்து நாற்று நட்டவளாம். நானும் பதினாலு வயசில்தான் வயலில் இறங்கினேன்.

மாப்பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று நீ எழுதின வரியை நூறு தரம் படித்தேன்.

எல்லையம்மாள்


தஞ்சாவூர்
20.8.2025

அத்தைக்கு,

படித்தேன். அவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். மீதியை அவரே வாங்கிப் படித்தார்.

எரித்துவிட்டீர்கள் என்பதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. பதில் போடாததைக்கூடப் புரிந்துகொள்ள முயன்றேன். பயந்தீர்கள். ஆனால் அந்தப் பத்துக் கடிதத்தில் அம்மா எப்படிச் சிரிப்பாள் என்று இருந்திருக்கலாம். எந்த விரலில் மச்சம் என்று இருந்திருக்கலாம். இப்போது சித்தியிடம் கேட்டால், இருபத்தைந்து வருஷம் ஆயிற்றே, மறந்துவிட்டது என்கிறாள். என்னைப் பிடித்து வைத்துக்கொள்ள நீங்கள் இவ்வளவு செய்திருக்க வேண்டாம். நான் எங்கேயும் போயிருக்க மாட்டேன். ஆறு வயதுப் பிள்ளை, நீங்கள் கொல்லைக்குப் போனாலே பின்னால் வந்தவள்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத இப்போது முடியவில்லை. பொய் எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

சித்தி வருகிறாள். விசா வந்துவிட்டது. செப்டம்பர் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை, ஆவணி முடிவதற்குள் வளைகாப்பு வைத்துவிட வேண்டும் என்று என் மாமியார் சொல்கிறார். தாய்வீட்டு வரிசையைச் சித்திதான் கொண்டுவர வேண்டும் என்பது என் விருப்பம். நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். நடந்ததைச் சித்தியிடம் நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவள் நான் இல்லை.

குந்தவை


நெடுவாய்க்கால்
28.8.2025

குந்தவைக்கு,

நீ எழுதினது எல்லாம் நியாயம். நான் அதற்குப் பதில் எழுதப் போவதில்லை.

வளைகாப்பைத் தஞ்சாவூர் மண்டபத்தில் வைக்க வேண்டாம். இங்கே நம் வீட்டில் வைக்கலாமா என்று சம்பந்தியம்மாவிடம் கேட்டுச் சொல். உன் சித்தி இந்தத் தெருவுக்கு வரட்டும். அவள் எழுதின விலாசம் இதுதானே. முதலில் இங்கேதான் அவளைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

நேற்று தண்ணீர்க் குழாயில் ஒருத்தி, "ஆப்பிரிக்காக்காரி வர்றாளாமே" என்றாள். "என் அண்ணன் பொண்டாட்டியோட தங்கச்சி வர்றா" என்றேன். அண்ணி என்று என் வாயால் அவளைச் சொன்னது இதுதான் முதல் தரம்.

உன் சித்தி என்ன சாப்பிடுவாள்? காரம் ஆகுமா? மீன் தின்பாளா? கட்டில் வேண்டுமா, பாய் போதுமா? கக்கூஸ் வெளிநாட்டு மாதிரி இல்லையே. பூமிகாவை நாலு நாள் லீவு போடச் சொல்லியிருக்கிறேன், இங்கிலீஷ் பேச.

நான் தாலி அறுத்தவள். சந்தனம் பூச, வளையல் போட முன்னால் வரமாட்டேன். சோறு கறி பார்த்துக்கொள்கிறேன்.

எல்லையம்மாள்


நெடுவாய்க்கால்
24.9.2025

என் குந்தவைக்கு,

தஞ்சாவூர் போய்ச் சேர்ந்து பிரஷர் எப்படி இருக்கிறது? கால் வீக்கம் வடிந்ததா? வளைகாப்பு முடிந்து நீ இங்கேயே தங்கியிருக்க வேண்டியது. டாக்டரம்மா சொன்ன பிறகு என்ன செய்வது. உன் சித்தி மட்டும் இங்கே இருந்துவிட்டாள். அவள் நேற்று உன்னிடம் வந்துவிட்டாள். பாதியை அவளே சொல்லியிருப்பாள். நீ போன பிறகு எங்களுக்குள் நடந்ததையும், நீ மணையில் இருந்ததால் உனக்குத் தெரியாமல் பின்னால் நடந்ததையும் நான் சொல்கிறேன்.

உன் சித்தி உனக்குச் சந்தனம் பூசி வளையல் போட்டதும், நம்ம தெரு ராசம்மாள் என் காதில் வந்து சொன்னாள், "அக்கா, அந்தம்மாவும் புருஷன் இல்லாதவங்களாமே. பூமிகா சொல்லுது. தெரியாம விட்டுட்டீங்களே" என்று. அதற்குள் உன் சித்தி நேரே என்னிடம் வந்து கையைப் பிடித்து இழுத்தாள். நான் வரமாட்டேன் என்று தலையாட்டினேன். ஏன் என்று பூமிகாவைக் கேட்டாள். பூமிகா சொன்னாள். உன் சித்தி தன் நெஞ்சில் விரலை வைத்து ஏதோ சொன்னாள். "அப்ப நானும்தானே போடக்கூடாது, எனக்கு ஏன் யாரும் சொல்லலன்னு கேக்கறாங்க" என்றாள் பூமிகா. அப்போதுதான் உன் மாமியார் ரெங்கம்மாள் சந்தனக் கிண்ணத்தை எடுத்துவந்து, "போடுங்க சம்பந்தி. வளத்தவங்க போடாம வேற யாரு போடறது" என்றார்கள். அதற்கப்புறம்தான் வந்து உன் கையில் கண்ணாடி வளையலை ஏற்றினேன். ரெண்டு பேர் எழுந்து போனதைப் பார்த்தேன். மீதிப் பேர் உட்கார்ந்திருந்ததையும் பார்த்தேன்.

நீ போன மூன்றாம் நாள் நான் அவளிடம் சொன்னேன். பூமிகாவை உட்காரவைத்து, ஒன்று விடாமல் சொன்னேன். எரித்ததையும் சொன்னேன். பூமிகா அழுதுவிட்டாள், பாவம், சின்னப் பெண்ணிடம் அதைச் சொல்லவைத்துவிட்டேன். உன் சித்தி எழுந்து வாய்க்கால் கரைக்குப் போய்விட்டாள். மத்தியானம் சாப்பிட வரவில்லை. நான் போய்க் கூப்பிடவில்லை. கூப்பிட எனக்கு என்ன உரிமை இருக்கிறது. பொழுது சாயும்போது வந்தாள். கொல்லையில் நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, இன்னொரு அரிவாள்மணை இருக்கிறதா என்று கையால் கேட்டாள். ஏரிக்கரைக்காரி, என்னைவிட வேகமாக ஆய்கிறாள். அவள் தக்காளி போட்டு அவள் ஊர்க் குழம்பு வைத்தாள். மக்காச்சோள மாவில் களி கிண்டினாள். நம்ம கேழ்வரகுக் களி மாதிரிதான், கொஞ்சம் கெட்டி.

மறுநாள் பூமிகாவிடம் சொல்லச் சொன்னாள். "இருபத்தஞ்சு வருஷமா உங்கமேல கோபம் இருந்துச்சு. இன்னும் இருக்கு. ஆனா எங்க அக்கா மக தலை நிமிர்ந்து நடக்கறா, நல்லாப் படிச்சிருக்கா, யாருக்கும் பயப்படல. அது தானா வந்திருக்காது. ரெண்டையும் நான் எடுத்துக்கிட்டுத்தான் ஊருக்குப் போகணும்" என்றாளாம்.

அன்று நம்ம வயலில் சம்பா நடவு. என் பழைய புடவையைக் கட்டித் தூக்கிச் செருகிக்கொண்டு அவளும் இறங்கிவிட்டாள். அவர்கள் ஊரில் கயிறு பிடித்து வரிசையாக நடுவார்களாம். நம்ம ஆட்கள் நெருக்கி நடுகிறார்கள் என்று சண்டைக்கு வந்துவிட்டாள். ராசம்மாளுக்கும் அவளுக்கும் ஒரே வாக்குவாதம். இவள் தமிழில், அவள் அவள் பாஷையில். ரெண்டு பேருக்கும் நன்றாகவே புரிந்தது. கடைசியில் ஒரு பாத்தி அவள் சொன்னபடி நட்டிருக்கிறோம்.

தஞ்சாவூருக்குக் கிளம்பும்போது என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. கையைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். எனக்கு அது போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள். மாதுளம்பழம் தின்னு. பால் சும்மா குடி, அதில் ஒன்றும் போட வேண்டாம்.

அத்தை
எல்லையம்மாள்


தஞ்சாவூர்
17.10.2025

அன்புள்ள அத்தைக்கு,

சித்தியைப் போன வாரம் திருச்சியில் விமானம் ஏற்றிவிட்டோம். அடுத்த வருஷம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் போவதாக ஏற்பாடு. பிரஷர் குறைந்திருக்கிறது. பிள்ளை தலை திரும்பிவிட்டதாம். பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லியாயிற்று. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் என் பின்னல் மாதிரியே பின்னிக்கொண்டு நான்கு பேர் வழியனுப்ப வந்தார்கள். பாதியிலேயே அவிழ்ந்து தொங்கியது.

ஒருநாள் சாயங்காலம் சித்தி, பெரில், நான் மூவரும் கடைத்தெருவுக்குப் போனோம். வளையல் கடைக்காரர் ஆங்கிலத்தில் எங்களிடம் விலை சொன்னார். நான் தமிழில் பேரம் பேசினேன். அவர் திகைத்துப் போய், "நீங்க எந்த ஊரும்மா" என்றார். எப்போதும் குத்தாலம் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். அன்றைக்கு நின்று, "அப்பா குத்தாலம், அம்மா கிசுமு" என்றேன். அவர் "ஓ" என்று சொல்லிவிட்டு, அடுத்த அளவு எடுத்துக் காட்டினார். அவ்வளவுதான் அத்தை. இதைச் சொல்ல எனக்கு இருபத்தைந்து வருஷம் ஆகியிருக்கிறது.

உங்கள்மேல் எனக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது. சில நாள் காலையில் எழுந்ததும் அந்தக் கடிதங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. சில நாள் நினைவே வருவதில்லை. இரண்டாவது வகை நாட்கள் கூடிக்கொண்டு வருகின்றன.

பிரசவ தேதி நவம்பர் மூன்று என்கிறார்கள். முன்பின் ஆகலாம். ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம் என்று விதி. ஒருவர்தான். நேற்று நர்ஸ் பெயர் எழுத வந்தார். மாமியார் அவர்களாகவே, "யாரை வேணுமோ சொல்லும்மா, என்னை நெனைக்காத" என்று நகர்ந்து நின்றார்கள். நான் உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.

"அவங்களுக்குக் காது சரியா கேக்காதே, நாங்க சொல்றது எப்படிப் புரியும்" என்று நர்ஸ் கேட்டார். எனக்கு வலித்தால் என் முகத்தைப் பார்த்தே அவர்கள் தெரிந்துகொள்வார்கள் என்றேன்.

இருபத்தெட்டாம் தேதிக்குள் வந்துவிடுங்கள். உள்ளே வருகிறவர்கள் ஆதார் கொண்டுவர வேண்டும், நகம் வெட்டியிருக்க வேண்டும், பருத்திப் புடவை இரண்டு. பூமிகா பஸ் ஏற்றிவிடுவாள், அவர் பழைய பஸ் ஸ்டாண்டில் நிற்பார். வரும்போது கொல்லை முருங்கையில் கீரை இருந்தால் பறித்து வாருங்கள்.

உங்கள்
அச்சியெங் மகள் குந்தவை